பழைய தேக்குப் பலகை மச்சு: தேய்த்து வார்னிஷ் அடிக்க என்ன முறை?

மச்சுவீடு (கேள்வி)

மதுரை வடக்கு மாசி வீதிப் பக்கம் பழைய வீடு. மாடியில 12-க்கு 15 அடி அறை, தரை முழுக்கத் தேக்குப் பலகை. ஒவ்வொரு பலகையும் 9 அங்குல அகலம், ஒண்ணேகால் அங்குல கனம். உத்திரத்து மேல நேரா ஆணி அடிச்சது. ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோக்குற நாக்கு-காடி எதுவும் கிடையாது, பலகைக்குப் பலகை ஒட்டி வச்சிருக்கு.

மேல என்ன பூசியிருக்காங்கன்னு தெரியல. கருப்பா இருக்கு, வெயில் ஏறினா கால்ல பிசுபிசுங்குது. ஜன்னல் ஓரம் வெளுத்து நார் எழும்பியிருக்கு. ஆணியைச் சுத்திக் கருப்பு வட்டம். சுவரோரம் ஒரு சாண் அகலத்துக்குப் பழைய சிவப்பு எனாமல் பட்டை. சில இடுக்குல காசு சொருகலாம், கீழ இருக்கிற வெளிச்சம் தெரியுது.

பெயிண்டர் ஒருத்தர், கிரைண்டர்ல உப்புப் பேப்பர் வட்டு மாட்டித் தேய்ச்சு, இடுக்குக்குப் பட்டி வச்சு, மெலமைன் (மரச் சாமானுக்கு அடிக்கிற பளபளப்புப் பூச்சு) மூணு கோட் அடிச்சா கண்ணாடி மாதிரி ஆயிரும்கிறார். நாலு நாள் வேலையாம். இப்ப கார்த்திகை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறதோட இதையும் முடிச்சிரலாம்னு இருக்கேன். மெஷின் வாங்கி நானே செய்யவும் தயார். அவர் சொல்ற முறை சரியா? இல்லைன்னா எது சரி?

உளிமுனை

மெஷினைப் பத்தி அப்புறம் பேசலாம். இப்ப தரைமேல இருக்கிறது எதுன்னு தெரியாம பேப்பர் வைக்காதீங்க.

மூலையில கண்ணுக்குப் படாத இடமாப் பாருங்க. பனியன் துணியில பாலிஷ் கடை ஸ்பிரிட்டை நனைச்சு ஒரு நிமிஷம் அழுத்தி வச்சுத் துடைங்க. பழுப்பா கரைஞ்சு துணியில வந்தா அது அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாம என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்கு இளகினா லேக்கர். ரெண்டுக்கும் அசையலைன்னா எண்ணெய் வார்னிஷ். டர்பன்டைன்ல துடைச்சதும் மஞ்சளா வழவழன்னு வந்தா மேல மெழுகு இருக்கு. வெயிலுக்குப் பிசுபிசுங்குதுன்னா அரக்கா இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சூட்டுக்கு இளகுறது அதோட குணம். யாராவது கழிவு ஆயில் தடவி வச்சிருந்தாலும் இப்படித்தான் ஒட்டும், ஆனா அதை மூக்கே சொல்லிரும். ஆயில் ஊறின பலகையில எந்த வார்னிஷும் நிக்காது.

அரக்குன்னா நேரா மெஷினை ஓட்டாதீங்க. தேய்க்கிற சூட்டுல உருகிப் பேப்பர்ல அப்பிக்கும். ஒரு பெல்ட்டு பத்து நிமிஷம் தாங்காது. நாலு சதுர அடி எடுத்துக்கிட்டு, ஸ்பிரிட் நனைச்ச துணியை விரிச்சு நாலஞ்சு நிமிஷம் ஊற விட்டு, மழுங்கின பட்டித் தகட்டால நார்ப்போக்குலயே வழிச்சு எடுங்க. முக்கால்வாசி இப்படியே வந்துரும். ஜன்னல் எல்லாம் திறந்திருக்கணும். அந்த மாடியில விளக்கு, ஊதுபத்தி, பீடி எதுவும் கூடாது. ஸ்பிரிட் ஆவி கீழ இறங்கும், உங்க இடுக்கு வழியா கீழ் வீட்டுக்கும் போகும். அங்க அடுப்பு எரியுதான்னு பார்த்துக்கங்க.

சிவப்புப் பட்டையைத் தனியா வச்சுக்கங்க. வீட்டுப் பெயிண்ட்டுல ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுங்கிற விதி 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்தது. அதுக்கு முந்தின சிவப்பு, மஞ்சள் எனாமல்ல ஈயம் இருக்கும்னே வச்சுக்கிட்டு வேலை பாருங்க. உலர்ந்தபடி தேய்க்கிறதோ ஹாட் கன் (சூட்டுக் காத்து ஊதுற மெஷின்) வச்சுக் கருக்குறதோ வேண்டாம். பெயிண்ட் ரிமூவர் தடவி, ஈரமாவே சுரண்டி, சுரண்டினதை அங்கங்க பையில கட்டிருங்க. ரிமூவர் ஆவி பொல்லாதது, மூடின அறையில ஆளைச் சாய்ச்சிரும். கையுறையும் காத்தோட்டமும் இல்லாம டப்பாவைத் திறக்காதீங்க. குழந்தைங்களும் கர்ப்பிணிகளும் அன்னைக்கு அந்த வீட்டுலயே வேண்டாம்.

இனி தேய்ப்பு. கிரைண்டர் வேண்டவே வேண்டாம். அதோட வேகத்துக்கு ஒரு நொடி கை நின்னா அரைவட்டமா பள்ளம் விழும், அதை எடுக்க மொத்தத் தரையையும் ஒரு மில்லிமீட்டர் இறக்கணும். வார்னிஷ் ஏறினதும் ஜன்னல் வெளிச்சத்துல ஒவ்வொரு பள்ளமும் பல்லைக் காட்டும். 180 சதுர அடிக்கு 4 அங்குல பெல்ட் சாண்டர் (உப்புப் பேப்பர் பட்டை ஓடித் தேய்க்கிற மெஷின்) ஒண்ணு, 5 அங்குல ஆர்பிட்டல் சாண்டர் (வட்டு சுத்தி நைசாத் தேய்க்கிறது) ஒண்ணு போதும்.

அதுக்கு முன்னாடி ஆணி. எல்லாத் தலையையும் ஆணிப்பொறியால (தலைமேல வச்சுச் சுத்தியலால தட்டுற இரும்புக் குச்சி) 3 மில்லிமீட்டர் உள்ள இறக்குங்க. ஒண்ணு தப்பினாலும் பெல்ட் கிழியும், தீப்பொறி தூசிப் பைக்குள்ள போகும். காந்தத்தைத் தரையோட இழுத்துப் பார்த்தா ஒளிஞ்சிருக்கிற ஆணி தெரியும். மிதிக்கும்போது கிரீச்சுங்கிற பலகைக்கு உத்திரத்துல பிடிக்கிற மாதிரி ஸ்டெயின்லெஸ் ஸ்குரு போட்டுத் தலையைப் புதைச்சிருங்க. சாதா இரும்பு ஸ்குரு போட்டா இன்னொரு கருப்பு வட்டம் வரும்.

பேப்பர் நம்பர் வரிசை 40, 60, 80, அப்புறம் 100 இல்லைன்னா 120; நம்பர் ஏற ஏற நைசு. 40-லருந்து நேரா 100-க்குத் தாவக் கூடாது. 40 போட்ட கீறலை 60-தான் எடுக்கும். 100 அதுக்கு மேல பளபளப்பு கொடுத்துட்டுக் கீறலை அப்படியே விட்டுரும். பலகை நடுவுல குழிஞ்சு ஓரம் தூக்கியிருந்தா 40-ஐ மட்டும் சாய்வா ஓட்டலாம், 60-லருந்து நார்ப்போக்குல மட்டும். மெஷின் ஓடிக்கிட்டிருக்கும்போதுதான் தரையைத் தொடணும், ஓடும்போதே தூக்கணும். ஒவ்வொரு நம்பர் மாத்தும்போதும் நல்லா உறிஞ்சி எடுங்க. கிடக்கிற ஒரு 40 நம்பர் மணல் 100-க்கு அடியில உருண்டா கோடு விழும். 120-க்கு மேல போகாதீங்க. தரை வழவழப்பாயிட்டா வார்னிஷுக்குப் பிடிமானம் குறையும்.

முடிச்சிட்டோம்னு தோணும்போது விளக்கை அணைச்சு, டார்ச்சைத் தரையோட தரையா படுக்க வச்சுப் பாருங்க. சுருள் கீறல் எல்லாம் அப்பத்தான் தெரியும். மூலைக்கும் கதவடிக்கும் மெஷின் போகாது. அங்க ஸ்கிராப்பர் தகடும் கையுந்தான்.

தேக்குத் தூசி தோலுக்கு ஆகாது, சிலருக்குத் தடிச்சிரும். என்95 முகமூடி இல்லாம இறங்காதீங்க. கீழ் வீட்டுல சாமானைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லுங்க, தூசி அத்தனையும் இடுக்கு வழியா அங்கதான் கொட்டும்.

வார்னிஷ்வாளி

உளிமுனை அண்ணன் தேய்ப்பைச் சொல்லிட்டார், நான் பூச்சுக்கு வர்றேன்.

மெலமைன் கதவுக்கும் அலமாரிக்கும் சரி. தரைக்கு வேண்டாம். காய்ஞ்சா விறைப்பா நிக்கும், பலகை அசைஞ்சா அதுகூட அசையாது. நடக்கிற தடத்துல மயிரிழை வெடிப்பு விட்டு, வெள்ளைச் செதிலா உரியும். அதுவும் இந்த மழை ஈரத்துல அடிச்சா பால் ஊத்தின மாதிரி வெளுக்கும். அரக்கு பாலிஷும் இனி தரைக்கு வேண்டாம்: சூடான பாத்திரம் வச்சா வட்டம், தண்ணி நின்னா வெள்ளை.

தரைக்குன்னு விக்கிற பாலியூரித்தேன்தான் வேணும், பியூன்னு கேளுங்க. அதுல மூணு வழி இருக்கு. ஒரே டின்ல வர்ற எண்ணெய் வகை: பிரஷ்ல அடிக்கச் சுலபம், கொஞ்சம் மஞ்சள் ஓடும், தேக்குக்கு அந்த நிறம் எடுப்பாத்தான் இருக்கும். ரெண்டு டின் கலந்து அடிக்கிறது: இருக்கிறதுல கெட்டி இதுதான், ஆனா கலந்த பிறகு நேரம் குறைவு, ஹார்டனர்ல (கெட்டியாக்குற ரெண்டாவது டின்) ஐசோசயனேட்ங்கிற, மூச்சுக்கு ஆகாத ரசாயனம் இருக்கு. அதுக்குத் துணி முகமூடி பத்தாது, ஆவி வடிகட்டி மாட்டின முகமூடி வேணும். தண்ணி வகை: வாடை கம்மி, சீக்கிரம் காயும், நார் எழும்பும். முதல் தடவை நீங்களே செய்யறதா இருந்தா ஒரே டின் எண்ணெய் வகையை எடுங்க.

அடியில என்.சி. சாண்டிங் சீலர் (மரத் துளையை அடைக்கிற அடிப்பூச்சு) போடலாம்னு கடையில சொல்வாங்க. வேண்டாம். தேய்க்க இலகுவா இருக்கட்டும்னு அதுல கலக்குற ஸ்டியரேட்ங்கிற பொருள் மேல வர்ற பியூவைப் பிடிக்க விடாது. பியூவையே மெலிசாக்கி முதல் கோட்டா கொடுங்க: மினரல் டர்பன்டைன் 10-லருந்து 15 சதவீதம்.

தேக்குல இன்னொரு தொல்லை உண்டு. மரத்துக்குள்ள இருக்கிற எண்ணெய்ச் சத்து எண்ணெய் வகை வார்னிஷைக் காய விடாம இழுத்தடிக்கும். கடைசித் தேய்ப்பு முடிஞ்சு தூசி எடுத்ததும் தின்னர் நனைச்ச துணியால ஒரு தடவை துடைச்சு, அது பறந்ததும் அன்னைக்கே முதல் கோட்டை அடிச்சிருங்க. ரெண்டு நாள் விட்டா அந்த எண்ணெய் திரும்ப மேல வந்துரும்.

அளவு சொல்றேன். 180 சதுர அடிக்கு முதல் கோட் 2 லிட்டர் குடிக்கும், அடுத்த ரெண்டும் தலா 1.75 லிட்டர். ஆக 5.5 லிட்டர். டின்னைக் குலுக்காதீங்க, குமிழி வரும். குச்சியால அடியிலருந்து மெதுவாக் கலக்கி, நைலான் துணியில வடிகட்டிக்கங்க. மேட் (பளபளப்பு இல்லாத வகை) வேணும்னாலும் முதல் ரெண்டு கோட் பளபளப்பு வகையே அடிங்க. மேட் பொடி மூணு அடுக்கு சேர்ந்தா நிறம் மங்கும்.

3 அங்குல பிரஷ். ரெண்டு, மூணு பலகையை மட்டும் எடுத்துக்கிட்டு, இந்தச் சுவர்லருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரே ஓட்டமா போயிட்டு அடுத்ததுக்கு வாங்க. பாதிப் பலகையில நிறுத்தினா அந்த விளிம்பு கோடா நிக்கும். படிக்கட்டுப் பக்கமா பின்வாங்கி வாங்க. மின்விசிறியை நிறுத்திருங்க, நேர் வெயில் விழுற ஜன்னலுக்குத் திரை போட்டுருங்க. கோட்டுக்குக் கோட் டின்ல போட்டிருக்கிற நேரம் விட்டு, 220 பேப்பரால கையாலயே லேசாத் தடவி, துடைச்சு, அடுத்தது.

இடுக்கு வழியா கீழ் வீட்டு உத்திரத்துல சொட்டும். அடிக்கிறதுக்கு முன்னாடி கீழ்ப்பக்கமா மாஸ்கிங் டேப் ஒட்டிருங்க.

கொடைப்பலகை

ரெண்டு பேர் சொன்னதுலயும் பெரும்பாலும் உடன்பாடுதான். ரெண்டு இடத்துல மட்டும் மாறுபடுறேன்.

ஒண்ணு, பட்டி. இந்த இடுக்கெல்லாம் பழுது இல்லை. 9 அங்குலப் பலகை மழைக்கும் கோடைக்கும் நடுவுல ஒண்ணு, ரெண்டு மில்லிமீட்டர் அசையும், தேக்கே ஆனாலும். இப்ப கார்த்திகையில பார்க்கிற இடுக்கு சித்திரையில இன்னும் விரியும். கெட்டிப் பட்டி வச்சா முதல் கோடையிலயே பொடிஞ்சு கீழ கொட்டும். மரத்தூளும் ஃபெவிகாலும் பிசைஞ்சு வைக்கிறதுக்கும் அதே கதிதான். கூடவே பசை பட்ட இடம் வார்னிஷைக் குடிக்காம வெளிறித் தெரியும். ஆணிக்குழிக்கு அது போதும், இடுக்குக்கு ஆகாது.

காசு நுழையாத இடுக்கை அப்படியே விடுங்க. அதுக்கு மேல உள்ளதுக்குப் பழைய தேக்குலயே ஆப்பு மாதிரி மெல்லிய சிம்பு சீவி, ஒரு பக்கத்துல மட்டும் பசை தடவி இறக்குங்க. ரெண்டு பக்கமும் ஒட்டினா அடுத்த கோடையில பலகையே பிளக்கும். சிம்பை அடிச்சு இறுக்கவும் கூடாது, கையால தள்ளினா போற அளவு போதும். மேல நிக்கிறதை இழைப்புளியால சமமாக்கிருங்க.

ரெண்டு, காலம். இப்ப வார்னிஷ் வேண்டவே வேண்டாம். அடைமழை விட்டாலும் மார்கழிப் பனி இருக்கு. கொடைக்கானல் பங்களாக்கள்ல வருஷம் பூரா இந்த ஈரத்தோடதான் மல்லுக்கட்டணும். மதுரையில அந்தக் கட்டாயம் கிடையாது, தை பாதிக்கு மேல மாசி முடிய நல்ல உலர்ச்சி கிடைக்கும். பங்குனி, சித்திரையில சூடு ஏறினதும் பிரஷ் இழுக்குறதுக்குள்ள விளிம்பு காய்ஞ்சிரும். ஆடியில காத்து, மண். ஆக ஒண்ணரை மாசந்தான் உங்களுக்கு. ஈரமானி கிடைச்சா வச்சுப் பாருங்க, 12 சதவீதத்துக்குக் கீழ வரட்டும்.

பொங்கலுக்குச் சுவரை முடிச்சிருங்க. ஆனா வரிசை முக்கியம்: அரக்கு எடுக்கிறது, ஆணி, பெல்ட் சாண்டர் 60 வரைக்கும் இப்பவே. அப்புறம் வெள்ளையடிப்பு. தரையில தெறிக்கிற சுண்ணாம்பு, பெயிண்ட் எல்லாம் கடைசி 80, 100 தேய்ப்புல போயிரும். மாத்திச் செஞ்சா புதுச் சுவர் பூரா தேக்குத் தூசி அப்பிக்கும்.

ஆணியைச் சுத்தின கருப்பு, இரும்பும் மரத்துத் துவர்ப்பும் ஈரத்துல சேர்ந்த கறை. தேய்ச்சு எடுக்கப் பார்த்தா பள்ளம்தான் மிச்சம். 60 நம்பர் முடிஞ்சதும் ஆக்ஸாலிக் ஆசிட் 60-லருந்து 80 கிராம், ஒரு லிட்டர் வெந்நீர், பிளாஸ்டிக் வாளி. ஸ்பாஞ்சால அந்தப் பலகை முழுசுக்கும் தடவுங்க. வட்டத்துல மட்டும் தடவினா வட்டம் வெள்ளையாயிரும். ஊத்தக் கூடாது, கீழ சொட்டும். அரை மணி கழிச்சு ரெண்டு தடவை நல்ல தண்ணித் துணியால துடைச்சு, ரெண்டு, மூணு நாள் காய விடுங்க. வாயில பட்டா விஷம், கையுறை கட்டாயம். மிச்சம் நிக்கிற உப்பு அடுத்த தேய்ப்புல பறந்து தொண்டையை அறுக்கும், அதனால துடைக்கிறதுல சோம்பல் படாதீங்க.

மச்சுவீடு

மூணு பேருக்கும் நன்றி அண்ணே. ஸ்பிரிட்டுக்குப் பழுப்பா கரைஞ்சு வந்துருச்சு, அரக்குதான். துடைச்சப்ப இன்னொண்ணு கண்ணுல பட்டது. சுவரோரம் ரெண்டு பலகையில குண்டூசித் துளை நிறைய, கீழ மாவு மாதிரி பொடி. உத்திரத்தோட அடிப்பக்கம் கருப்பா ஏதோ எண்ணெய் பூசியிருக்கு. தேய்ச்ச மூலை வெளிறி, திட்டுத் திட்டா பச்சை கலந்த பழுப்பா இருக்கு, சாயம் கொடுக்கணுமா?

உளிமுனை

பொடியைத் தூத்து விட்டுக் கருப்புத் தாள் விரிச்சு ஒரு வாரம் பாருங்க. மறுபடி பொடி விழுந்தா வண்டு உள்ள உயிரோட இருக்கு. தேக்கோட வைரத்தை அது தொடாது, வெளிறின வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். ஸ்குரு டிரைவரால குத்துங்க. கால் அங்குலத்துக்கு மேல இறங்கினா அந்தப் பலகையை மாத்திருங்க. இறங்கலைன்னா பூச்சி மருந்து அடிக்கிறவங்களை வச்சுத் துளைக்குள்ள ஊசியால ஏத்தி, நல்லாக் காஞ்ச பிறகு வார்னிஷ். மேல பூசிட்டு மருந்து கொடுத்தா உள்ள போகாது.

அதைவிட முக்கியம், உத்திரத்தோட முனை. சுவருக்குள்ள புதைஞ்ச அந்த அரை அடிதான் முதல்ல உளுக்கும். எல்லா முனையையும் குத்திப் பாருங்க. மெத்துனு இருந்தா தரை வேலையை நிறுத்திட்டு ஆசாரியைக் கூப்பிடுங்க, அப்புறம் வார்னிஷைப் பத்தி யோசிக்கலாம்.

மாத்துப் பலகைக்குப் புது மரம் வாங்காதீங்க. அது இன்னும் சுருங்கும், நிறமும் சேராது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல இடிச்ச வீட்டுச் சாமான் விக்கிற கடைகள் இருக்கு. பழைய பர்மாத் தேக்குப் பலகை, நிலை எல்லாம் வரும். கனத்தை அளந்து எடுத்துக்கிட்டுப் போங்க. ஒண்ணரை அங்குலம் கிடைச்சா இழைச்சுக்கலாம், ஒரு அங்குலம்தான் கிடைச்சா உத்திரத்து மேல சிம்பு கொடுக்க வேண்டி வரும்.

அடியில இருக்கிற கருப்பு அநேகமா முந்திரிக்கொட்டை எண்ணெய். பூச்சிக்குன்னு உத்திரத்துல பூசுற வழக்கம் உண்டு. தேய்க்கவோ சுரண்டவோ வேண்டாம், தோல் வெந்த மாதிரி கொப்பளிக்கும். அப்படியே இருக்கட்டும்.

வார்னிஷ்வாளி

சாயம் வேண்டாம். புதுசாத் தேய்ச்ச தேக்கு அப்படித்தான் திட்டாத் தெரியும், வெளிச்சம் படப்பட ரெண்டு, மூணு வாரத்துல தன்னால பொன்னிறத்துக்கு வந்துரும். டர்பன்டைன் தொட்டுத் தடவிப் பாருங்க. அந்த ஈர நிறம்தான் வார்னிஷுக்கு அப்புறமும் இருக்கும். பாய், பீரோ கிடந்த இடம் மட்டும் கொஞ்ச நாள் தனியாத் தெரியும்.

விட்டுப்போன ஒண்ணு. எண்ணெய் வார்னிஷ் துடைச்ச பனியன் துணியைச் சுருட்டி மூலையில போடாதீங்க. காயும்போது சூடேறித் தானாவே பத்திக்கும். தண்ணி வாளியில முக்கி வைங்க, இல்லை மொட்டை மாடியில ஒவ்வொண்ணா விரிச்சுக் காய விடுங்க. சாண்டரோட தூசிப் பையும் அப்படித்தான். சாயங்காலம் வேலை முடிஞ்சதும் வீட்டுக்கு வெளிய கொட்டிருங்க, ராத்திரி மெஷினோட விடாதீங்க. பழைய வீட்டு வயரிங்குன்னா பெல்ட் சாண்டரை 16 ஆம்பியர் பிளக்குல மாட்டுங்க, எக்ஸ்டென்ஷன் வயரை முழுசா அவுத்து விடுங்க.

மச்சுவீடு

சரிங்கண்ணே, பெயிண்டர்கிட்ட வெள்ளையடிப்பை மட்டும் பேசிக்கிறேன். கடைசிக் கோட்டுக்கு அப்புறம் பீரோவை எப்ப ஏத்தலாம்? தரையைக் கழுவி விடலாமா?

கொடைப்பலகை

ஒரு நாள் கழிச்சு வெறுங்காலோட நடக்கலாம். பீரோ, கட்டில் ஒரு வாரம் கழிச்சு, காலுக்கு அடியில ஃபெல்ட் ஒட்டி. இழுக்காம தூக்கி வைங்க. பாய், ஜமக்காளம் மூணு வாரம் போகட்டும், அதுக்கு முன்னாடி விரிச்சா அச்சு விழும். பினாயில் தண்ணி ஊத்திக் கழுவுறது இந்தத் தரைக்கு ஆகாது. பிழிஞ்ச துணியால துடைச்சா போதும். நடக்கிற தடம் மங்கத் தொடங்கினதும், மரம் வெளிய தெரியிறதுக்கு முன்னாடி, 220 பேப்பரால தடவி ஒரே ஒரு கோட் கொடுத்திருங்க. அப்படிப் பார்த்துக்கிட்டா பெல்ட் சாண்டரைத் திரும்ப எடுக்கவே வேண்டாம்.